நிர்வாகம் பொறுப்பல்ல

1965ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் போலீஸ்காரர்கள் தெருவில் நின்ற சில வெள்ளை சைக்கிள்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அவை திருட்டு சைக்கிள்கள் அல்ல. யாருக்கும் இடைஞ்சலாகவும் நிற்கவில்லை. அவை செய்த ஒரே குற்றம், பூட்டப்படாமல் நின்றதுதான்.

அவற்றை நிறுத்தியவர்கள் ப்ரோவோ என்ற இளைஞர் கூட்டம். கொஞ்சம் அரசியல், கொஞ்சம் கலை, நிறைய குறும்பு. கார்கள் நகரத்தை விழுங்குகின்றன, அதற்கு மாற்றாகப் பொது சைக்கிள்கள் வேண்டும் என்று அவர்களில் ஒருவரான லூட் ஸ்கிம்மல்பென்னிங்க் ஒரு திட்டம் போட்டார். சைக்கிளுக்கு வெள்ளை பெயின்ட் அடிக்க வேண்டும். பூட்டக் கூடாது. யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டலாம், போய்ச் சேர்ந்த இடத்தில் அடுத்தவருக்காக விட்டுவிடலாம். அவ்வளவுதான் திட்டம். ஆனால் சைக்கிளைப் பூட்டாமல் தெருவில் விடக் கூடாது என்று ஆம்ஸ்டர்டாமில் ஒரு நகர விதி இருந்தது. எல்லோருக்கும் பொதுவான ஒன்றை யார் யாரிடமிருந்து திருட முடியும் என்ற கேள்விக்கு அந்த விதியில் இடமில்லை.

ப்ரோவோக்கள் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. சைக்கிள்களில் நம்பர் பூட்டு மாட்டினார்கள். பூட்டைத் திறக்கும் நம்பரை அந்தந்த சைக்கிளின் மேலேயே பெயின்டால் எழுதிவைத்தார்கள். சட்டம் பூட்டு கேட்டது, பூட்டு வந்துவிட்டது. சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லையே.

முதன்முதலில் இதைப் படித்தபோது சிரித்தேன். பிறகு அந்த விதியைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன். திருட்டைத் தடுப்பது யார் வேலை என்ற கேள்விக்கு அது ஒரு பதிலை வைத்திருந்தது: உன் வேலை. நம்ம ஊர் சைக்கிள் ஸ்டாண்டுகளில் இதே பதில் பலகையில் எழுதித் தொங்கும். ‘வண்டிகள் தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல.’ காசு வாங்கிக்கொண்டு டோக்கன் கிழித்துக் கொடுப்பவரின் தலைக்கு நேர் மேலேயே தொங்கும்.

சைக்கிள் பூட்டின் வரலாறு பெரும்பாலும் இந்தப் பதிலின் வரலாறு. பொறுப்பு உன்னுடையது, அதனால் நல்ல பூட்டாக வாங்கு. ஆனால் பூட்டுக்கு இரண்டு முனை உண்டு. ஒரு முனை சைக்கிளைப் பிடித்திருக்கிறது. மறுமுனை எதைப் பிடித்திருக்கிறது? முதல் முனை வாங்கியவரின் பாடு. மறுமுனை எப்போதுமே ஊரின் பாடு. அதைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை.

வெறும் சைக்கிள்தான்

சைக்கிள் திருட்டு என்றதும் சினிமா பார்க்கிறவர்களுக்கு ரோம் நகரம்தான் ஞாபகம் வரும். விட்டோரியோ டி சிகாவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ 1948இல் வெளியானது. போருக்குப் பிந்தைய ரோம். வேலை இல்லாத அந்தோனியோ ரிச்சிக்கு சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது, சைக்கிள் இருந்தால் மட்டும். சைக்கிளோ அடகுக் கடையில். மனைவி படுக்கை விரிப்புகளை அடகு வைத்து அதை மீட்கிறாள். வேலையின் முதல் நாளிலேயே, ரீட்டா ஹேவொர்த்தின் சுவரொட்டியை ஒட்டிக்கொண்டிருக்கும்போது, சைக்கிள் போய்விடுகிறது.

அந்தப் படத்தை எத்தனையோ கோணங்களில் எழுதிவிட்டார்கள். நான் அதை ஒரு பார்க்கிங் பிரச்சினையாகவும் பார்க்கிறேன். சிரிக்காதீர்கள், படத்திலேயே எல்லாம் இருக்கிறது. அந்தோனியோவுக்கு வேலையே தெருவில். கையில் பசை, வாளி, ஏணி. சைக்கிளைக் கண்ணில் படுகிற தூரத்தில் சார்த்தி வைப்பதைத் தவிர அவன் வேறு என்ன செய்ய முடியும்? வேலைக்கு சைக்கிள் கட்டாயம் என்று சொன்னவர்கள், வேலை நேரத்தில் அது எங்கே நிற்கும் என்று சொல்லவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுக்கிறான். என்ன சமாச்சாரம் என்று விசாரிக்கும் பத்திரிகைக்காரரிடம் அதிகாரி, ஒன்றுமில்லை, வெறும் சைக்கிள்தான் என்று சொல்லிவிடுகிறார். மறுநாள் நண்பர்கள் பழைய சாமான் சந்தையில் வேலையைப் பிரித்துக்கொள்கிறார்கள். நீ ஃப்ரேமைத் தேடு, நீ டயரைத் தேடு, பையன் பெல்லையும் பம்பையும் பார்க்கட்டும். திருடுபோன சைக்கிள் முழு சைக்கிளாக இருக்காது என்று அவர்களுக்குத் தெரியும். ஒருவன் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கும் ஃப்ரேமின் மேல் சந்தேகம் வந்து, போலீஸைக் கூப்பிட்டு, சீரியல் நம்பரைச் சரிபார்க்கிறார்கள். நம்பர் வேறு.

கடைசிக் காட்சியில் கால்பந்து மைதானத்துக்கு வெளியே வரிசை வரிசையாக சைக்கிள்கள் நிற்கின்றன. திரையை நிரப்பும் அளவுக்கு. அந்தோனியோ அவற்றைப் பார்க்கிறான். பிறகு பக்கத்துத் தெருவில் ஒரு வாசலில் தனியாகச் சார்த்தி வைத்த ஒரு சைக்கிளைப் பார்க்கிறான். அவன் கை வைப்பது அந்தத் தனி சைக்கிளில்தான். கூட்டத்தோடு நிற்கிற சைக்கிளுக்கும் தனியாக நிற்கிற சைக்கிளுக்கும் உள்ள வித்தியாசத்தை, திருடிப் பழக்கமே இல்லாதவன்கூட ஒரு நிமிடத்தில் கணக்குப் போட்டுவிடுகிறான். பிற்காலத்தில் ஆய்வாளர்கள் அளந்து சொன்னதில் பாதி அந்தக் காட்சியில் இருக்கிறது. இத்தாலியப் பெயரில் திருடர்கள் என்று பன்மை இருப்பதும் சும்மா இல்லை.

ஒரு மாதம் நின்ற ஃப்ரேம்

நம் அப்பாக்கள் ஓட்டிய கறுப்பு சைக்கிளில் பின் சக்கரத்தோடு ஒரு பூட்டு இருக்கும். திருகிச் சாவியை எடுத்தால் ஒரு வளைந்த கம்பி ஸ்போக்ஸ்களுக்கு நடுவே புகுந்து நிற்கும். டச்சுக்காரர்களின் சைக்கிள்களிலும் இன்றுவரை இதே குடும்பத்துப் பூட்டுதான். அது சைக்கிளை எதனோடும் கட்டுவதில்லை. ஏறி ஓட்டிக்கொண்டு போவதை மட்டும் தடுக்கும். 20 கிலோ சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறவனைத் தெரு திரும்பிப் பார்க்கும் என்ற நம்பிக்கையின் மேல் செய்த பூட்டு அது. தெரு பார்க்கிற வரைக்கும் அது போதும்.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சைக்கிள் விற்பனை திடீரென்று எகிறியது. பத்து கியர் வைத்த, ஒரு கையால் தூக்கிவிடக்கூடிய சைக்கிள்கள். தெருவோ யாரையும் திரும்பிப் பார்க்காத பெருநகரத் தெரு. சங்கிலியும் கேபிளும் பெரிய கட்டர் முன்னால் நூல் மாதிரி அறுந்தன. அப்போதுதான் யூ வடிவப் பூட்டு வந்தது. ஒரு சைக்கிள் மெக்கானிக் வடிவமைத்ததை எடுத்து, 1971இல் மைக்கேல் ஜேன் கிரிப்டோனைட் என்ற பெயரில் விற்க ஆரம்பித்தார். கடினமாக்கிய எஃகுக் கம்பி, குறுக்கே ஒரு தண்டு. கட்டரின் வாய்க்குள் அடங்காத தடிமன். நெம்புகோல் நுழைய இடம் தராத அளவுக்குக் குறுகலான இடைவெளி.

1972இல் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் அந்தப் பூட்டைப் போட்டு ஒரு சைக்கிளை 30 நாள் தெருவிலேயே விட்டார்கள். மாதக் கடைசியில் போய்ப் பார்த்தபோது பூட்டு அப்படியே இருந்தது. பூட்டு பிடித்திருந்த பாகமும் இருந்தது. மற்றதையெல்லாம் ஒன்றுவிடாமல் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். பூட்டு ஜெயித்துவிட்டது என்று விளம்பரம் சொன்னது. பொய்யில்லை. ஆனால் அந்த சைக்கிளில் ஏறி யாரும் வீட்டுக்குப் போயிருக்க முடியாது.

இந்த வித்தியாசம் எனக்கு மென்பொருள் வேலையில் நன்றாகப் பழகிய ஒன்று. ஒரு பாகம் தன் சோதனைகள் எல்லாவற்றிலும் பாஸ் ஆகிவிடும், மொத்த அமைப்பு படுத்துக்கிடக்கும். சைக்கிள் உலகில் இதை மிகப் பொறுமையாக விளக்கியவர் ஷெல்டன் பிரவுன். பாஸ்டன் பக்கம் ஒரு சைக்கிள் கடையில் மெக்கானிக்காக இருந்துகொண்டு, 2008இல் இறக்கும்வரை சைக்கிளைப் பற்றி இணையத்தில் எழுதிக் குவித்தவர். சின்ன யூ பூட்டு ஒன்று போதும் என்பது அவர் கட்சி. பின் சக்கரத்தின் ரிம்மை, ஃப்ரேமின் பின்பக்க முக்கோணத்துக்குள் வரும் இடத்தில், ஒரு கம்பத்தோடு சேர்த்துப் பூட்ட வேண்டும். பூட்டு ஃப்ரேமைத் தொடவே வேண்டாம், சக்கரம் அந்த முக்கோணத்தை விட்டு வெளியே வர முடியாது. ரிம்மை அறுக்கலாமே என்றால், காற்றடைத்த டயரும் முறுக்கேறிய ஸ்போக்ஸ்களும் ரிம்மை அழுத்திக்கொண்டிருப்பதால் ரம்பம் பாதியில் கவ்விக்கொள்ளும். அழகான யோசனை. அதில் ‘ஒரு கம்பத்தோடு’ என்று ஒரு சொல் வருவதைக் கவனியுங்கள். கம்பம் இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் கணக்கே தொடங்குகிறது.

பேனா

2004 செப்டம்பரில் யூ பூட்டின் பெருமைக்கு ஒரு அடி விழுந்தது. ஒரு சைக்கிள் ஓட்டி, மலிவான பால்பாயின்ட் பேனாவின் பிளாஸ்டிக் குழாயைச் சாவித் துவாரத்தில் அழுத்தித் திருகினால் பூட்டு திறந்துகொள்கிறது என்று வீடியோ எடுத்து இணையத்தில் போட்டார். அந்தப் பூட்டுகளின் சாவி உருளை வடிவம். உள்ளே ஊசிகள் வட்டமாக நிற்கும். மெத்தென்ற பிளாஸ்டிக் அந்த ஊசிகளின் அச்சைத் தானே வாங்கிக்கொண்டு சாவியாகிவிடும். கிரிப்டோனைட் சுமார் 4 லட்சம் பூட்டுகளை இலவசமாக மாற்றிக் கொடுக்க வேண்டி வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது பேனா இல்லை, தேதி. இதே பலவீனத்தைப் பற்றி 1992லேயே பிரிட்டனில் எழுதியிருக்கிறார்கள். 12 வருடம் அந்த விஷயம் தெரிய வேண்டியவர்களுக்குத் தெரிந்தும், பூட்டு வாங்கியவர்களுக்குத் தெரியாமலும் இருந்தது.

பூட்டு உலகில் இந்தச் சண்டை பழசு. லண்டனில் பிராமா என்ற பூட்டு கம்பெனி தன் கடை ஜன்னலில் ஒரு பூட்டை வைத்து, இதைத் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று சவால் விட்டிருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் யாரும் திறக்கவில்லை. 1851இல், உலகப் பொருட்காட்சி நடந்த வருடம், அமெரிக்காவிலிருந்து வந்த ஆல்ஃப்ரெட் ஹாப்ஸ் 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் உட்கார்ந்து அதைத் திறந்துவிட்டார். ஊரே பதறியது. இப்படி ரகசியத்தைப் போட்டு உடைத்தால் திருடனுக்கு வழிகாட்டுவது ஆகாதா என்று கேட்டவர்களுக்கு ஹாப்ஸ் தரப்பு சொன்ன பதில், திருடர்களுக்கு இதெல்லாம் ஏற்கெனவே தெரியும், தெரியாமல் இருப்பவர்கள் பூட்டு வாங்குகிறவர்கள்தான் என்பது. கணினிப் பாதுகாப்பு படிக்கிறவர்கள் இன்றைக்கும் இந்த வாதத்தில்தான் தொடங்குகிறார்கள்.

ஆனால் ஹாப்ஸ் திறந்தது கடை ஜன்னலில் இருந்த பூட்டை. 51 மணி நேரம் உட்கார விட்டார்கள். தெருவில் நிற்கும் சைக்கிளுக்கு இந்தப் பிரச்சினையே வேறு. அங்கே யாரும் பூட்டைத் ‘திறப்பது’ குறைவு. அறுப்பார்கள், உடைப்பார்கள். இன்று பேட்டரியில் ஓடும் கிரைண்டர் முதுகுப் பையில் அடங்குகிறது. அதையும் தாங்கும் பூட்டுகள் 2020களில் வந்திருக்கின்றன. அவற்றின் விலைக்கு ஓட்டத்தில் இருக்கும் ஒரு நல்ல பழைய சைக்கிளையே வாங்கிவிடலாம்.

வளைத்த குழாய்

இப்போது மறுமுனைக்கு வருவோம்.

ரொம்ப நாள் வரைக்கும் சைக்கிள் நிறுத்தும் சட்டம் என்றால் முன் சக்கரத்தைச் செருகும் வரிசைப் பள்ளம்தான். நம் பள்ளிக்கூடங்களிலும் பார்த்திருப்பீர்கள். செய்வது சுலபம், குறைந்த இடத்தில் நிறைய சைக்கிள் நிற்கும். யாராவது இடித்தால் ரிம் கோணிக்கொள்ளும். அதோடு, பூட்டுப் போட எட்டுவது முன் சக்கரம் மட்டும்தான். 1930களில் இத்தாலியில் பந்தயக்காரர்களுக்காக காம்பாக்னோலோ கொண்டுவந்த, ஸ்பேனர் இல்லாமல் கையாலேயே சக்கரத்தைக் கழற்றும் நெம்புகோல் பிற்பாடு சாதாரண சைக்கிள்களுக்கும் வந்தது. அதற்கப்புறம் இந்தச் சட்டத்தில் பூட்டுவதற்கு ஒரே அர்த்தம்தான். திரும்பி வரும்போது சக்கரம் பத்திரமாக இருக்கும், சைக்கிள் இருக்காது.

இங்கிலாந்தில் ஷெஃபீல்ட் ஸ்டாண்ட் என்று ஒன்று வந்தது. தலைகீழாகக் கவிழ்த்த யூ வடிவில் வளைத்த ஒரு இரும்புக் குழாய், இரண்டு காலும் கான்கிரீட்டில். அவ்வளவுதான். ஷெஃபீல்ட் நகரத்தில் மிச்சமான கேஸ் குழாய்களை வளைத்து உருவானது என்று அதற்கு ஒரு பிறப்புக் கதை சொல்வார்கள். சுமார் 75 சென்டிமீட்டர் உயரம். சைக்கிள் அதன் மேல் பக்கவாட்டில் சாயும், ஃப்ரேம் இரண்டு இடத்தில் தாங்கப்படும், ஒரு குழாய்க்கு இரண்டு பக்கமும் இரண்டு சைக்கிள். எந்த அளவு சைக்கிளானாலும், எந்தப் பூட்டானாலும், ஃப்ரேமையும் சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்க வாட்டமாக இருக்கும். இதைவிட எளிதாக ஒரு பொதுச் சொத்தைக் கற்பனை செய்வது கஷ்டம்.

ஆனாலும் ஜனங்கள் அதில் எப்படிப் பூட்டினார்கள்? லண்டனில் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் குற்றத்தைத் தடுக்கும் வடிவமைப்புக்கென்று ஓர் ஆய்வு மையம் இருந்தது. ஆடம் தோர்ப், லொரெய்ன் கேமன் போன்றவர்கள் அங்கே பைக்காஃப் என்று ஒரு திட்டம் நடத்தினார்கள். தெருவில் நிற்கும் சைக்கிள்களைப் போய்ப் பார்த்துக் குறித்துக்கொள்வது அவர்கள் வேலைகளில் ஒன்று. நிறைய பேர் ஃப்ரேமின் மேல் தண்டை, குழாயின் மேல் தண்டோடு சேர்த்து ஒரு பூட்டுப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். குனிய வேண்டாம், கைக்கு எட்டுகிற உயரம். சக்கரங்கள் இரண்டும் அநாதையாக நிற்கும். உயரத்தில் தொங்கும் பூட்டை நெம்புவதும் திருடனுக்கு வசதி.

இந்த இடத்தில் வழக்கமாக என்ன செய்வார்கள்? ‘சரியாகப் பூட்டுங்கள்’ என்று போர்டு வைப்பார்கள். எங்கள் துறையில் பாஸ்வேர்டில் ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு குறியீடு வேண்டும் என்று லாகின் பக்கத்தில் சிவப்பில் எழுதுவது போல. அவர்கள் குழாயின் வடிவத்தை மாற்றினார்கள். நடுவில் பள்ளம் விழுந்த, ஆங்கில எம் எழுத்து போன்ற ஸ்டாண்ட். மேல் தண்டோடு பூட்டலாம் என்று கை போகும், அங்கே குழாய் இருக்காது. பூட்டு தானாகக் கீழே இறங்கி சக்கரத்தையும் ஃப்ரேமையும் சேர்த்துப் பிடிக்கும். யாருக்கும் பாடம் எடுக்கவில்லை. யாரையும் திட்டவில்லை. பூட்டுகிறவரின் சோம்பலையும் அவசரத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டு குழாயை வளைத்தார்கள்.

இன்னொரு சோதனை நியூகாஸில் பல்கலைக்கழக வளாகத்தில் நடந்தது, 2012இல் வெளியானது. மூன்று இடங்களில் சைக்கிள் ஸ்டாண்டுக்கு மேல் உற்றுப் பார்க்கும் இரண்டு கண்களின் படத்தையும், சைக்கிள் திருடர்களே, உங்களைக் கவனிக்கிறோம் என்ற எச்சரிக்கையையும் மாட்டினார்கள். ஒரு வருடத்தில் அந்த இடங்களில் திருட்டு 62 சதவீதம் குறைந்தது. செய்தித்தாள்களுக்கு இது போதும். ஆனால் ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. கண்கள் மாட்டாத மற்ற இடங்களில் திருட்டு 65 சதவீதம் கூடியிருந்தது.

எனக்கு இந்த இரண்டாவது எண்தான் முக்கியம். திருட்டு ஒழியவில்லை, பக்கத்துக்கு நகர்ந்திருக்கிறது. தனியார் பூட்டுக்கும் இதே குணம் உண்டு. நான் ஐயாயிரம் ரூபாய் பூட்டை வாங்கி மாட்டும்போது, பக்கத்தில் நூறு ரூபாய் கேபிள் போட்ட சைக்கிளைத் திருடனுக்குக் காட்டிக்கொடுக்கிறேன். அந்த சைக்கிள் பெரும்பாலும் அதைவிட நல்ல பூட்டு வாங்க முடியாதவருடையதாக இருக்கும். அந்தோனியோ மாதிரி, அது இல்லாவிட்டால் மறுநாள் வேலை இல்லாதவருடையதாக. கான்கிரீட்டில் ஊன்றிய குழாய்க்கு இந்தக் குணம் கிடையாது. நூறு ரூபாய் கேபிளுக்கும் ஐயாயிரம் ரூபாய் பூட்டுக்கும் அது ஒரே மாதிரி மறுமுனை கொடுக்கிறது.

டோக்கன்

கம்பியைவிடப் பழைய மறுமுனை ஒன்று உண்டு. ஒரு ஆள்.

சினிமா தியேட்டர், பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன் என்று நம் ஊர் சைக்கிள் ஸ்டாண்டில் சைக்கிளைக் கட்டிவைக்க எதுவுமே இருக்காது. ஒரு கூரை, ஒரு கயிறு, ஒரு ஆள். டோக்கனைக் கிழித்து ஒரு பாதியை ஹேண்டில்பாரில் செருகுவார், மறுபாதி நம் சட்டைப் பையில். பார்த்தால் சாதாரணம். யோசித்துப் பார்த்தால், இது உங்கள் சைக்கிள்தானா என்று வெளியே போகும்போது ஒருவர் கேட்கிறார். உலகத்துச் சைக்கிள் பூட்டுகள் எதுவும் கேட்காத கேள்வி அது. பலகை பொறுப்பல்ல என்று சொல்லிக்கொண்டிருக்கும், அடியில் உட்கார்ந்திருக்கும் மனிதர் நம் முகத்தை ஞாபகம் வைத்திருப்பார்.

ஒரு ப்ராஜெக்ட்டுக்காகச் சில மாதம் நெதர்லாந்தில் இருந்தபோது உட்ரெக்ட் ரயில் நிலையத்துக்குக் கீழே இருக்கும் சைக்கிள் நிறுத்தகத்தைப் பார்க்கப் போனேன். 2017இல் முதல் பகுதி திறந்து, 2019இல் முழுமையானது. மூன்று தளம், 12,500 சைக்கிள். சைக்கிளை விட்டு இறங்காமலே உள்ளே ஓட்டிக்கொண்டு போகலாம். ரயில் கார்டைத் தொட்டால் கணக்கு ஆரம்பிக்கும். முதல் 24 மணி நேரம் இலவசம். அங்கேயும் வாசலில் ஆள் இருக்கிறார். அவ்வளவு பெரிய கட்டடத்துக்குள் நின்றுகொண்டு எனக்கு எங்கள் ஊர் தியேட்டர் ஸ்டாண்டுதான் ஞாபகம் வந்தது. கூரை, கணக்கு, ஆள். அதேதான்.

2023 ஜனவரியில் ஆம்ஸ்டர்டாம் மத்திய ரயில் நிலையத்துக்கு முன்னால் தண்ணீருக்கு அடியில் 7,000 சைக்கிள்களுக்கு இதே போல் ஒன்று திறந்தார்கள். பூட்டாத சைக்கிளைப் பறிமுதல் செய்த நகரம்தான்.

ஜப்பான் இதைச் சட்டத்தின் வழியாக அணுகியது. 1970களில் அங்கே ரயில் நிலைய வாசல்கள் சைக்கிள்களால் அடைபட்டன. 1980இல் வந்த சட்டம் சைக்கிள் நிறுத்துமிடத்தை உள்ளாட்சியின் பொறுப்பாக்கியது, ரயில் நிறுவனங்களும் ஒத்துழைக்க வேண்டும் என்றது. 1994 முதல் ஒவ்வொரு சைக்கிளையும் பதிவு செய்வது கட்டாயம். ஃப்ரேமில் நம்பர் ஒட்டப்படும், போலீஸ் அதை வைத்து உரிமையாளரைக் கண்டுபிடிக்கலாம். ரோம் சந்தையில் அந்தோனியோ குனிந்து பார்த்த நம்பர் நினைவிருக்கிறதா? அங்கே அந்த நம்பரைத் தேட வேண்டிய வேலை சைக்கிளைப் பறிகொடுத்தவனுடையது. இங்கே அந்த வேலை அரசாங்கத்தின் கோப்புக்குப் போய்விட்டது. டோக்கியோவில் சில இடங்களில் சைக்கிளை வாசலில் வைத்தால் இயந்திரம் இழுத்துக்கொண்டு போய் நிலத்தடிக் கிணறு ஒன்றில் அடுக்குகிறது. ஒரு கிணற்றுக்கு இருநூறு சொச்சம் சைக்கிள். அதில் சைக்கிளுக்குப் பூட்டே தேவையில்லை, கிணறுதான் பூட்டு.

பூட்டில்லாத சைக்கிள்கள்

ப்ரோவோக்களின் கனவு என்ன ஆனது? ஸ்கிம்மல்பென்னிங்க் நகர்மன்றத்திலும் வெள்ளை சைக்கிள் திட்டத்தை வைத்துப் பார்த்தார், மறுத்துவிட்டார்கள். ஆனால் யோசனை சாகவில்லை.

1993இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் சுமார் 300 பச்சை சைக்கிள்களைப் பூட்டில்லாமல் விட்டார்கள். சீக்கிரமே பெரும்பாலானவை காணாமல் போயின, திட்டமும் போயிற்று. 1995இல் கோபன்ஹேகன் ஜாக்கிரதையாக ஆரம்பித்தது. 20 குரோனர் நாணயம் போட்டால் சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து விடுபடும், திருப்பிக் கொண்டுவந்து மாட்டினால் நாணயம் திரும்ப வரும். பாகங்களை வேறு எந்த சைக்கிளிலும் பொருந்தாத அளவில் செய்தார்கள். ரோம் சந்தையில் துண்டு துண்டாக விற்ற கதைக்கு இது பதில். 2007இல் பாரிஸின் வெலிப் வந்தபோது பூட்டும் ஸ்டாண்டும் ஒரே பொருளாகிவிட்டன. பூட்டின் பாரத்தை நகரம் ஏற்றுக்கொண்டது. அப்படியும் முதல் சில வருடங்களில் ஆயிரக்கணக்கில் திருடுபோயின.

பிறகு சீனாவிலிருந்து ஸ்டாண்டே இல்லாத வாடகை சைக்கிள்கள் வந்தன. ஓஃபோவின் ஆரம்ப கால சைக்கிள்களில் இருந்தது சாதாரண நம்பர் பூட்டு. சைக்கிளின் எண்ணைச் செயலியில் தட்டினால் பூட்டின் நம்பர் வரும். அந்த நம்பர் மாறவே மாறாது. ஒருமுறை தெரிந்துகொண்டவர் அப்புறம் சும்மா ஓட்டலாம். ப்ரோவோக்கள் வேண்டுமென்றே செய்ததை ஒரு ஸ்டார்ட்அப் தெரியாமல் செய்துவிட்டது. 2018இல் அந்த மஞ்சள் சைக்கிள்கள் கோவைக்கும் வந்தன. அதே வருடம் கம்பெனி இந்தியாவை விட்டுக் கிளம்பிவிட்டது.

பூட்டில்லாத வெள்ளை சைக்கிள்கள் நிஜமாகவே பிழைத்திருக்கும் இடம் ஒன்று நெதர்லாந்தில் இருக்கிறது. ஹோகே வேலுவே என்ற தேசியப் பூங்கா. 1974 முதல் அங்கே இலவச வெள்ளை சைக்கிள்கள், இப்போது சுமார் 1,800. எடுத்து ஓட்டிவிட்டு விட்டுவிட வேண்டியதுதான். எப்படிச் சாத்தியம்? பூங்காவைச் சுற்றி வேலி. உள்ளே வர டிக்கெட். சைக்கிளைப் பூட்டவில்லை, காட்டைப் பூட்டியிருக்கிறார்கள். அதற்காக அதைக் குறைத்துச் சொல்லவில்லை. பூட்டு எங்கேயோ இருக்கத்தான் வேண்டும் என்றால், அதை ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் வைப்பதா, எல்லோருக்கும் பொதுவாக வாசலில் வைப்பதா என்று முடிவெடுக்க முடியும் என்பதற்கு அது ஒரு சாட்சி.

போன மாதம் சென்னையில் ஒரு பெரிய மாலுக்குப் போயிருந்தேன். பார்க்கிங் வாசலில் கட்டணப் பலகை. கார், ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு. பைக், இவ்வளவு. சைக்கிளுக்கு வரியே இல்லை. வெளியே வரும்போது பின்பக்கம் ஜெனரேட்டர் அறையை ஒட்டி ஒரு துருப்பிடித்த சைக்கிள், தண்ணீர்க் குழாயோடு சங்கிலி போட்டு நின்றது.

“யாருதுண்ணே இது?” என்று அங்கே இருந்த செக்யூரிட்டியிடம் கேட்டேன்.

“நம்மளதுதான் சார். முன்னாடி வுட மாட்டாங்க. இந்தக் குழாய்தான் கொஞ்சம் ஸ்ட்ராங்கா இருக்கு.”

விசில் சத்தம் கேட்டதும் எழுந்து போனார். ஏதோ கார் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. அவர் பின்னால் நின்று கை காட்டி அதைக் கோட்டுக்குள் நிறுத்தினார். சுவரில் வழக்கமான பலகை இருந்தது. அவருடைய சைக்கிளுக்கு அந்தப் பலகைகூடப் பொருந்தாது, அதற்கு டோக்கன் கிடையாது.